திண்ணன் கழற்றாத செருப்பு

எர்ணாகுளத்தில் அந்தத் தெருவுக்கு பிராட்வே என்று பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். பெயர்தான் அகலப் பாதை. எதிரே ஒரு சரக்கு வண்டி வந்தால் கடைப் படியில் ஏறி ஒதுங்கிக்கொள்ள வேண்டிய தெரு அது. துணி, பாத்திரம், குடை, பொம்மை, செருப்பு என்று எல்லாமே அங்கே தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். மலையாள விருச்சிகம் பிறந்துவிட்டால், அதாவது நம் கார்த்திகை வந்துவிட்டால், தெருவின் நிறமே மாறிவிடும். கறுப்பு வேட்டியும் நீல வேட்டியும் கடை முகப்புக்கு வரும். துளசி மாலையும் இருமுடிப் பையும் கயிற்றில் தொங்கும்.

ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களால் லாபம் இல்லாதவர் செருப்புக் கடைக்காரர் ஒருவர்தான். சாமிமார் கடைக்குள் வருவதே பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கித் தரத்தான். பிள்ளையின் கால் ஷூவுக்குள் நுழைகிற நேரத்தில் அப்பாவின் கால் வெறும் தரையில் நிற்கும். கடைப் பையன் அவரை "சாமி" என்றுதான் கூப்பிடுவான். அவர் நீதிபதியானாலும் சரி, ஆட்டோ ஓட்டுபவரானாலும் சரி. அதே கடையின் கண்ணாடி அலமாரியில், மூணாறுக்கும் வாகமண்ணுக்கும் கிளம்பும் இளைஞர்களுக்காகக் கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸ் வரிசையாக அடுக்கியிருக்கும்.

இருவருமே மலைக்குத்தான் போகிறார்கள். ஒருவர் அதற்காகவே பூட்ஸ் வாங்குகிறார், மற்றவர் அதற்காகவே செருப்பைக் கழற்றி மூலையில் வைக்கிறார். இருவரில் மலைக்கு மரியாதை செய்பவர் யார்?

கேள்வி பார்வைக்கு எளிது. ஆனால் வெறுங்காலோடு போகிறவர் ஒருவகையில் வேட்டைக்குப் போகிறார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் சிக்கலாகிவிடும். ஐயப்பன் கதையே காட்டில் நடக்கிற கதை. பந்தளத்து இளவரசன் புலிப்பால் தேடி வில்லும் அம்புமாகக் காட்டுக்குள் போகிறான், அரக்கி மகிஷியை வீழ்த்துகிறான். அந்த வெற்றியைத்தான் எருமேலியில் பேட்டை துள்ளலாக ஆடுகிறார்கள். முகத்தில் வண்ணம் பூசி, மரத்தால் செய்த ஆயுதங்களை ஏந்தி, இலைதழையைக் கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகத் துள்ளுவார்கள். அம்பலப்புழைக் குழு வானத்தில் பருந்தைப் பார்த்த பிறகே ஆடத் தொடங்கும். எர்ணாகுளம் மாவட்டத்து ஆலங்காட்டுக் குழுவோ பகலில் நட்சத்திரம் தெரிய வேண்டும் என்று காத்திருக்கும். ஆடி வரும் பக்தர்கள் வாவர் பள்ளிவாசலை வலம் வருவது வழக்கம். மேலே சரங்குத்தியில், முதல்முறை மலைக்கு வரும் கன்னிச்சாமிகள் சரக்கோலைக் குத்திவிட்டுப் போவார்கள். கோயில் திருவிழாவில் ஐயப்பனே அங்கே பள்ளிவேட்டைக்கு எழுந்தருளுவார். வேட்டைக்காரக் கடவுள், வேட்டைக்காரர்களாக வேடமிட்ட அடியார்கள், பெரியாறு புலிகள் காப்பகத்துக் காடு என்று எல்லாமே பொருத்தம். வேட்டைக்காரனின் கால் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

உண்மையான மலை வேட்டைக்காரரைக் கேட்டால் தலையில் கைவைத்துக்கொள்வார். இந்தியாவில் அவரைத் தேடிப் பயனில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அவர் கதை முடிந்துவிட்டது. தேயிலைத் தோட்டத் துரைமார்கள் ஒரு காலத்தில் துப்பாக்கியோடு திரிந்த இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. இன்று அங்கே வரையாட்டைப் படம் பிடிக்கலாம், அவ்வளவுதான். நியூசிலாந்துக்குப் போனால் கதை தலைகீழ். பெயரில் நம் வரையாட்டுக்கு உறவான இமயமலைத் தார், 1904இல் இங்கிலாந்துப் பிரபு ஒருவர் அன்பளிப்பாக அனுப்பிய சில ஆடுகளிலிருந்து அங்கே பெருகி, மலைப் புல்லையும் செடியையும் தின்று தீர்க்கிற தொல்லையாகிவிட்டது. ஆகவே அதை வேட்டையாடுவது அங்கே குற்றமில்லை, பொதுநலச் சேவை. அந்த மலைகளில் பூட்ஸ் தேர்வு ஒரு தனி சாஸ்திரம்.

அந்த சாஸ்திரம் சொல்வது இதுதான். பூட்ஸை மலையில் போடப்போகும் அதே கம்பளி சாக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். லேஸ் கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய இடம் வேண்டும். கட்டிய பிறகு நடந்தால் குதிகால் உள்ளே எழும்பக் கூடாது, எழும்பினால் ஏற்றத்தில் கொப்புளம் நிச்சயம். சரிவுப் பலகையில் கீழ்நோக்கி நின்றால் விரல் நுனி முன்பக்கம் இடிக்கக் கூடாது, இடித்தால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். அடிப்பகுதி சட்டென்று வளையக் கூடாது, தோல் முழுத் தோலாக இருக்க வேண்டும். நாக்குப் பகுதியின் இரு பக்கமும் மேல்தோலோடு தைத்திருந்தால்தான் ஓடைத் தண்ணீர் உள்ளே வராது. வாங்கிய பிறகும் அவசரம் கூடாது. சில வாரம் வீட்டைச் சுற்றி நடந்து பழக்காமல் புது பூட்ஸை நேராக மலைக்குக் கொண்டு போகிறவர் நொண்டிக்கொண்டுதான் திரும்புவார்.

அந்த பூட்ஸின் அடியில் முண்டும் முடிச்சுமாக இருக்கும் ரப்பருக்குப் பின்னால் ஒரு துக்கம் இருக்கிறது. 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் புண்டா ராசிகா என்ற சிகரத்தில் ஒரு மலையேற்றக் குழு பனிப்புயலில் சிக்கியது. காலில் இருந்த மெல்லிய காலணிகள் அந்தக் குளிருக்கும் வழுக்கலுக்கும் தாங்கவில்லை. ஆறு பேர் இறந்தார்கள். பிழைத்த விதாலே பிராமானி ரப்பரை வைத்துப் புது வகை அடிப்பாகம் ஒன்றை உருவாக்கி 1937இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரைச் சுருக்கி வைத்த விப்ரம் என்ற முத்திரையை இன்றும் உலகெங்கும் பூட்ஸின் அடியில் பார்க்கலாம்.

இத்தனை பாடும் எதற்கு என்று பார்த்தால், காலை மறப்பதற்குத்தான். போட்டிருப்பதே தெரியாத பூட்ஸ்தான் நல்ல பூட்ஸ். கால் நினைவுக்கு வந்துவிட்டால் வேட்டைக்காரன் கண் இரையை விட்டு விலகிவிடும். விரதக்காரரின் கணக்கு நேர் எதிரானது. கரிமலை ஏற்றத்தில் ஒவ்வொரு கல்லும் அவரைத் தொட வேண்டும், ஒவ்வொரு வேரும் நீ யார் என்று கேட்க வேண்டும். 41 நாள் தார்ச்சாலையிலும் சிமெண்டுத் தரையிலும் வெறுங்காலோடு நடந்ததெல்லாம், மறந்தே பழகிவிட்ட காலை நினைவுக்குக் கொண்டுவரத்தான். மட்டாஞ்சேரிக்குப் படகில் போனாலும் இதே பாடம் காத்திருக்கும். 1568இல் கட்டிய பரதேசி யூதர் ஜெபாலயத்துக்குள் சீனத்து ஓடுகள் பதித்த தரையில் கால் வைக்கும் முன் செருப்பை வெளியே விட வேண்டும். மோசேயிடம் எரியும் புதரிலிருந்து வந்த முதல் கட்டளைகளில் ஒன்று மிதியடியைக் கழற்று என்பது. அதுவும் ஒரு மலையில்தான்.

இதோடு நிறுத்திக்கொண்டால் வெறுங்கால் பக்கம் தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் தமிழில் இந்த வழக்கைப் பேச உட்கார்ந்தால், குறுக்கே ஒருவன் செருப்புக் காலோடு வந்து நிற்கிறான்.

பொத்தப்பி நாட்டு உடுப்பூர், வேடர் தலைவன் நாகனின் மகன், பெயர் திண்ணன். முதல் வேட்டைக்குப் போன அன்று பன்றி ஒன்றைத் துரத்திக்கொண்டே நாணனும் காடனும் பின்தொடரக் காளத்தி மலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தான். மேலே ஏறிக் குடுமித்தேவரைக் கண்டதும் அவனுக்கு எல்லாம் போய்விட்டது. மறுபடி வந்தபோது ஒரு கையில் வில், மறு கையில் இறைச்சி, வாயில் அபிஷேக நீர். லிங்கத்தின் முடிமேல் பூசகர் சிவகோசரியார் வைத்த பூ இருந்தது. அதை அகற்றக் கை காலியில்லை. காலால் தள்ளினான், செருப்புப் போட்ட காலால். சேக்கிழார் இதை மழுப்பவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில், ஓர் அரசின் அமைச்சராக இருந்தவர், அந்தச் செருப்பைப் பொன் என்று அடைமொழி சேர்த்தே பாடிவிட்டார். மாணிக்கவாசகரும் அந்தச் செருப்படியைச் சீரடி என்றுதான் சொல்கிறார்.

தமிழுக்கு வேடனின் செருப்பு புதிதில்லை. சங்க நூல்களில் செருப்புக்குத் தொடுதோல் என்று பெயர் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயரின் பாதத்தில் செருப்பு வார் அழுந்திய தழும்பே இருக்கிறது. காட்டு வழிக்குத் தோல் தேவை என்பது அன்றைக்கே தெரிந்த செய்தி. சேக்கிழார் செய்தது அதற்கும் மேலே. அந்தத் தேவையைச் சாமியின் தலை வரைக்கும் கொண்டுபோனார்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெரியாற்றங்கரையில் ஆதிசங்கரர் பிறந்த ஊருக்குப் பெயர் காலடி. அது பிராட்வே இருக்கும் அதே எர்ணாகுளம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவர் பெயரில் வழங்கும் சிவானந்தலஹரியின் 63ஆம் சுலோகம் முழுக்க இந்த வேடனைப் பற்றியது. வழி நடந்து தேய்ந்த அந்தச் செருப்பு, பசுபதியின் திருமேனியைத் துடைக்கும் தருப்பைக் கூர்ச்சமாகிவிட்டது என்று வியக்கிறது அந்தச் சுலோகம். அத்வைத ஆசாரியார் பெயரில் வரும் நூலும் சைவத் திருமுறையும் ஒரு பழஞ்செருப்பு விஷயத்தில் ஒரே பக்கம் நிற்பது சாதாரண சங்கதியில்லை.

திண்ணன் ஏன் கழற்றவில்லை? மரியாதை தெரியாததால் என்று சிவகோசரியார் நினைத்தார். கதையைக் கவனித்தால் காரணம் வேறு. காலில் செருப்பு இருப்பதே அவனுக்கு நினைவில்லை. வேடனுக்கு இரைமேல் இருக்கும் ஒருமுகம் அப்படியே தெய்வத்தின்மேல் திரும்பிவிட்டது. காலை நினைவூட்டிக்கொண்டு விரதக்காரர்கள் போகிற இடத்துக்கு, காலை மறந்தே அவன் போய்விட்டான். அப்படியானால் கல்லும் முள்ளும் வழிதான், ஊர் அல்ல. நடக்கிறவருக்கு ஊர் வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

வழியிலேயே தங்கிவிட்ட ஒருவரின் கதை பௌத்த விநயத்தின் மகாவக்கத்தில் இருக்கிறது. சம்பா நகரத்துச் செல்வரின் மகன் சோண கோளிவிசன். உள்ளங்காலில் ரோமம் முளைக்கும் அளவுக்கு மென்மையாக வளர்ந்தவன். அந்தப் பாதங்களைப் பார்க்க வேண்டும் என்று பிம்பிசார மன்னனே ஆள் அனுப்பினான். துறவியான பிறகு அவன் ராஜகிருகத்துச் சீதவனத்தில் இரவும் பகலும் நடந்து தியானம் செய்தான். கால் பிளந்து, நடைபாதை கசாப்புக்கடைத் தரைபோல் ரத்தமானது. விடுதலை மட்டும் வரவில்லை. பேசாமல் வீட்டுக்குத் திரும்பி அறம் செய்து வாழலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்தான். புத்தர் வந்து அவனுக்குப் பழக்கமான வீணையைப் பற்றிக் கேட்டார். நரம்பை அதிகம் முறுக்கினாலும் இசை வராது, தளர்த்தினாலும் வராது. சோணன் முறுக்கைச் சரிசெய்துகொண்டான், கரையேறினான். பிறகு புத்தர் அவனுக்கு ஒற்றைத் தோல் செருப்பை அனுமதித்தார். சோணன் சொன்ன பதில்தான் அழகு. எண்பது வண்டிப் பொன்னை விட்டுவந்தவன் ஒரு செருப்புக்கு ஆசைப்பட்டான் என்று ஊர் பேசும். சங்கம் முழுவதற்கும் கொடுத்தால் நானும் போட்டுக்கொள்கிறேன் என்றான். எல்லோருக்கும் அனுமதி கிடைத்தது.

அந்த அத்தியாயம் அங்கே முடியவில்லை. செருப்பு வந்ததும் துறவிகளுக்கு நாகரிகமும் வந்துவிட்டது. ஆட்டுக்கொம்பு போல முனை வளைந்தது, தேள்வால் போல நிமிர்ந்தது, மயிலிறகு தைத்தது, சிங்கத்தோல், புலித்தோல் என்று போடத் தொடங்கினார்கள். எல்லாவற்றுக்கும் தடை வந்தது. மரக்கட்டைச் செருப்பும் போயிற்று, விடியற்காலையில் அதன் சத்தத்தில் மற்றவர்களின் தியானம் கெட்டதால். ஆனால் அவந்தி நாட்டிலிருந்து வேறொரு சோணன் வந்து, எங்கள் ஊர் மண் கறுத்து இறுகியது, மாட்டுக் குளம்பு மிதித்துக் கரடாகிக் கிடக்கிறது என்று முறையிட்டபோது, பல அடுக்குத் தோல் செருப்புக்கும் உத்தரவு கிடைத்தது. மண்ணைப் பார்த்து விதி எழுதியவர்கள் அவர்கள். பிராட்வே அலமாரியில் இருக்கும் பூட்ஸுக்கும் அன்றே அனுமதிச் சீட்டு தந்துவிட்டார்கள் என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

மண்ணைப் பார்த்தாயிற்று, இனி காலின் வலியைப் பார்க்கலாம். வலியைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் மிக ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர் ஒரு தமிழ்நாட்டு மலையில் வளர்ந்தவர். 1914இல் பிறந்த பால் பிராண்ட், வளர்ந்த மலை கொல்லிமலை. ஒரே அம்பில் பல விலங்குகளை வீழ்த்தினான் என்று புறநானூறு பேசும் வல்வில் ஓரியின் அதே கொல்லிமலை. ஆங்கில மிஷனரித் தம்பதியின் மகனான அவர் அந்த மலைப் பிள்ளைகளோடு வெறுங்காலில் ஓடி வளர்ந்தார். 1946இல் அறுவை மருத்துவராக வேலூர் சி.எம்.சி.க்குத் திரும்பி வந்தார்.

தொழுநோயாளிகளின் விரலையும் பாதத்தையும் நோயே தின்கிறது என்றுதான் உலகம் அதுவரை நம்பியது. பிராண்ட் பார்த்தது வேறு. நோய் நரம்பைக் கொல்கிறது, வலி போய்விடுகிறது. வலி இல்லாத காலில் ஆணி ஏறினாலும் நோயாளி நொண்டுவதில்லை, கொப்புளம் உடைந்தாலும் அதன் மேலேயே நடக்கிறார். பாதம் அழிவது அந்த நடையால். ஒருமுறை லண்டன் ஓட்டல் அறையில் சாக்ஸைக் கழற்றியபோது அவருக்கே குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தியும் தெரியவில்லை. தொழுநோய்தான் என்று முடிவு செய்து இரவெல்லாம் விழித்துக் கிடந்தார். காலையில் மறுபடி குத்தியபோது சுரீரென்று வலித்தது. ரயிலில் ஒரே வாகில் உட்கார்ந்து நரம்பு மரத்துப்போனதுதான் விஷயம். அந்த வலிக்கு அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். பின்னாளில் வலி பற்றி எழுதிய நூலுக்கு, யாரும் விரும்பாத பரிசு என்று பொருள்படத் தலைப்பு வைத்தார்.

கடவுளின் பரிசு என்று வலியைக் கொண்டாடிய அதே மனிதர், வேலூரிலும் கரிகிரியிலும் தம் சகாக்களோடு செருப்புச் செய்வதில் ஆண்டுக்கணக்காக மூழ்கினார் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. மைக்ரோசெல்லுலர் ரப்பர், சுருக்கமாக எம்.சி.ஆர். பாதத்துக்கு நெகிழ்ந்துகொடுக்கும் மெத்தென்ற மேலடுக்கு, முள்ளும் கண்ணாடியும் ஏறாத கடினமான கீழடுக்கு, ஒட்டும் தையலும் மட்டும். ஆணி ஒன்றுகூடக் கிடையாது, ஏனென்றால் உள்ளே நிமிரும் ஆணியை அந்தக் கால் சொல்லாது. இன்று சர்க்கரை நோயில் உணர்ச்சி இழந்த பாதங்களுக்கும் அதே எம்.சி.ஆர். செருப்புதான். வலி தெரிகிற காலுக்கு வெறும் தரை பாடம் சொல்லும். வலி தெரியாத காலிடம் அது எதுவும் பேசாது, வெயில் ஏறிய கோயில் கல்லில் தோல் வெந்து போனதை வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெறுங்கால் விரதத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதைப் பக்திப் புத்தகங்கள் சொல்வதில்லை. கழற்ற வேண்டுமானால் முதலில் போட்டுக்கொள்ளும் உரிமை வேண்டும். பழைய கேரளத்தில் கீழே தள்ளப்பட்ட சாதிகளுக்குச் செருப்பும் குடையும் மறுக்கப்பட்டன. திருவிதாங்கூரில் கோயில் கதவு அவர்களுக்குத் திறந்தது 1936 நவம்பர் 12 அன்றுதான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வைக்கப்பட்ட தலித்துகளின் கதை பழங்கதையும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில், பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாகவே எழுத வேண்டியிருந்தது. இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு நாடாளுமன்றம் செருப்புக்குச் சட்டம் போட்டது. செருப்பு மறுக்கப்பட்டவர்களுக்குத் தங்கள் கால் ஒருநாளும் மறந்துபோக விடப்படவில்லை. மண்டல காலத்தில் நீதிபதியும் ஆட்டோக்காரரும் ஒரே வெறுங்காலோடு நிற்பது அழகான காட்சிதான். மகர விளக்கு முடிந்து மாலையைக் கழற்றிய மறுநாளும் இருவரும் ஒரே தெருவில் செருப்போடு நடக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே அதைச் சமத்துவம் என்று சொல்ல வேண்டும்.

ஆக, முதல் கேள்விக்குப் பதில் பூட்ஸிலும் இல்லை, வெறுங்காலிலும் இல்லை. மலைக்கு மரியாதை செய்ய விரும்புகிறவர், வலி தெரிகிற காலும் கழற்றுவதற்குச் சொந்தச் செருப்பும் உள்ளவராக இருந்தால், தாராளமாகக் கழற்றட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர், சர்க்கரை நோய் முற்றியவர், ஆறாத புண் உள்ளவர் பம்பையிலிருந்து செருப்போடு ஏறினால் விரதம் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிற குருசாமிகள், காளத்தி வேடனின் கதையை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம். பதினெட்டாம் படிக்குக் கீழே கழற்றினால் போதும்.

செருப்போடு ஏற வேண்டியவராக இருந்து பிராட்வேக்குப் போவதானால் மாலையில் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும், அந்த அளவுதான் மலைக்குச் சரியான அளவு. இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். பெரிய காலுக்கு வாங்குங்கள். உள்ளே கைவிட்டுத் தடவி, ஆணியோ தையல் முடிச்சோ துருத்துகிறதா என்று பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். மாலை போட்டிருந்தாலும் கடைப் பையன் "சாமி" என்றுதான் கூப்பிடுவான்.